அக்கா கை வைக்காத கூடம்

பட்டாம்பூச்சிகளுக்காக நான் வேலை பார்ப்பேன் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்டிருப்பேன். என் பிழைப்பு கொதிகலன்களோடும் சூளைகளோடும். ஒரு பொருளை இங்கே தொட்டால் அங்கே என்ன ஆகும், எவ்வளவு நேரம் கழித்து ஆகும் என்பதைக் கணக்காக எழுதிக் கொடுப்பேன். அந்தக் கணக்குக்கு மாடல் என்று பெயர். போட்டோ போலச் சும்மா கிடக்காது, கேட்டால் பதில் சொல்லும். 'இந்த வால்வைப் பாதி திறக்கட்டுமா?' என்றால், 'திற, ஆனால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது, அதற்குள் பதறி முழுதாகத் திறந்துவிடாதே' என்று சொல்லும். அந்தப் பதிலை வைத்துத்தான் ஒரு மெஷினுக்கு எப்போது கை நீட்டலாம், எப்போது கூடாது என்று பழக்க முடியும். ஊரார் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அக்கா என்னை 'வெந்நீர் இன்ஜினியர்' என்றுதான் எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவாள்.

பூங்காவின் நடுவில் இருக்கும் கண்ணாடிக் கூடத்துக்கு அக்காதான் பொறுப்பு. வெளியே மூக்கு நுனி சிவக்கும் குளிர். இரண்டு கதவுகளைத் தாண்டி உள்ளே போனால் வேறொரு காலம். இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். கூரையோரமாக ஓடும் குழாய்கள் மூடுபனியைத் தூவும். அந்த வெண்மைக்குள் நீலமும் ஆரஞ்சுமாக எதெதுவோ மிதந்து வந்து, தட்டில் நறுக்கி வைத்த பழத்தின் மேல் இறங்கும். பேசினால் குரல் பஞ்சில் விழுந்தது போல அமுங்கிவிடும். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் எனக்கு வந்த காரியம் மறந்துபோகும். வெளியே விட்டுவந்த கோபங்கள்கூட யாருடையவோ போல இருக்கும்.

ஆனால் அந்தக் கனவை ஓட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். குளிர்ந்தால் பூச்சிகள் இறக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். காற்று காய்ந்தால், கூட்டை உடைத்துக்கொண்டு புதிதாக வருபவற்றுக்கு இறக்கை விரியாமல் சுருங்கிப் போகும். அதனால் அக்கா பொழுது விடிந்தது முதல் மூன்று சாமான்களோடு மல்லுக்கட்டுவாள். கூரை ஜன்னல்களைத் திறக்கும் இரும்புச் சக்கரம், மூடுபனி வால்வு, ஹீட்டரின் திருகு. குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிடும் தாய் போல, ஒன்றைக் கொஞ்சம் திறப்பாள், இன்னொன்றைக் கொஞ்சம் மூடுவாள். படுக்கையும் கூடத்தை ஒட்டிய அறையில்தான்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பாப்புக்கு இது நிறைமாசம். நான் போகணும். எனக்குப் பதிலா ஒரு மெஷின் வச்சுக் குடு" என்றாள்.

பாப்பு அக்காவின் ஒரே மகள். தானே பிள்ளை பெறப் போகிறவளுக்கு இன்னும் பாப்பு என்றுதான் பெயர். தொலைவில் ஒரு ஊரில் கணவனோடு இருக்கிறாள். அவள் வீடு மாறியபோது அக்காவைக் கூப்பிட்டாள், காய்ச்சலில் கிடந்தபோது கூப்பிட்டாள், சும்மா ஒரு தடவையும் கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் கூடம் குறுக்கே வந்தது. மகள் கல்யாணத்தன்று மாலையே 'ஹீட்டர் என்ன பாடோ' என்று ஓடிவந்தவள் அக்கா. இந்த முறை பாப்பு கூப்பிடவில்லை. அதுதான் விஷயம். இப்போதும் போகாவிட்டால், பிறகு எப்போது போனாலும் விருந்தாளியாகத்தான் போகவேண்டியிருக்கும். எனக்கே அது தெரிந்தது, அக்காவுக்குத் தெரியாதா?

தோட்டக்காரர் இருக்கிறார். பழம் நறுக்குவார், செடி பார்ப்பார், பூச்சிகளோடு பேசக்கூடச் செய்வார். சக்கரத்தை மட்டும் தொடமாட்டார். "உங்கக்கா ஒரு தடவை திட்டுனாங்கம்மா. அது ஏழு ஜென்மத்துக்குத் தாங்கும்" என்றார். ஆக, மெஷின்தான் கதி. கூடம் முழுக்க சென்சார்களைத் தொங்கவிட்டேன். வெப்பம், ஈரம், சக்கரம் எத்தனை சுற்றில் நிற்கிறது, வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, எல்லாமே லேப்டாப்பில் வந்து சேரும்படி செய்துவிட்டுச் சில வாரம் விட்டுவிட்டேன். அந்த வாரங்கள் சுகமாகப் போயின. வாழையிலைக்குக் கீழே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது கண் அசந்தேன், எப்போது விழித்தேன் என்று தெரியாது. விழிக்கும்போது கீபோர்டின் மேல் ஏதாவது ஒன்று உட்கார்ந்து இறக்கையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

பிறகு மாடலைப் போட்டேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"என்னடி சொல்லுது உன் பெட்டி?" என்றாள் அக்கா.

"ஜன்னலைத் தொறந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுது."

"ஒண்ணும் ஆகாதா? இந்தக் குளிர்லயா? அதுக்கென்ன பைத்தியமா?"

"ஹீட்டரைத் திருகினாலும் ஒண்ணும் ஆகாதாம்."

"அப்ப அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு."

பெட்டிக்குப் பைத்தியம் இல்லை. எனக்குத்தான் புத்தி கெட்டிருந்தது. வெயில் கண்ணாடியில் விழுந்து சூடு ஏறுவதற்கு முன்பே அக்கா ஜன்னலைத் திறந்திருக்கிறாள். மேகம் மூடிக் குளிர் இறங்குவதற்கு முன்பே ஹீட்டரைத் திருகியிருக்கிறாள். சக்கரம் சுற்றியது, திருகு திரும்பியது, வெப்பம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இதை மட்டும் பார்த்தால் என்ன தோன்றும்? பலத்த காற்றிலும் நேராகப் போகும் வண்டியைப் பார்த்துவிட்டு, ஸ்டீரிங்குக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்ன கதைதான். நான் வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தது கூடத்தின் குணத்தை அல்ல. அதன் மேல் போர்த்தியிருந்த அக்காவின் குணத்தை. எங்கள் தொழிலில் முதல் பாடத்திலேயே எச்சரிக்கும் தவறு இது. வெளியாள் யாராவது செய்திருந்தால் நாலு நாள் கேலி செய்திருப்பேன்.

"கூடத்தோட குணம் தெரியணும்னா நீ கையை எடுக்கணும்" என்றேன். "நான் ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து விடுவேன். அப்புறம் யாரும் எதையும் தொடக்கூடாது. அது என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

"பூச்சி செத்துடும்."

"சாகாது. இந்த அளவுக்குக் கீழ போனா நானே மூடிடறேன்." ஒரு எண்ணைக் காட்டினேன். அவள் பேரம் பேசி அதை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினாள். காய்கறி வாங்கும்போதுகூட அவ்வளவு பேசமாட்டாள்.

பூங்காவுக்கு விடுமுறை நாளாகவும் வானம் முழுக்க மூடிய நாளாகவும் பார்த்துத் தொடங்கினோம். வெயில் வந்தால் அது ஒரு கை போட்டுவிடும் அல்லவா? சக்கரத்தை இரண்டு சுற்றுத் திருப்பிவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். லேப்டாப் கிராஃப்பில் வெப்பக் கோடு நேராகப் போனது. ஒன்றும் ஆகவில்லை. மேலே வந்த குளிர் கீழே இறங்கி, இலைகளையும் ஈர மண்ணையும் நனைந்த கல்லையும் சம்மதிக்க வைத்து, அப்புறம்தான் சென்சார் வரைக்கும் வரவேண்டும். அந்த ஒன்றும் ஆகாத நேரம்தான் எல்லா மாடலிலும் பொல்லாத இடம். பிறகு கோடு தலை குனியத் தொடங்கியது. குனிந்ததுதான் தாமதம், அக்கா எழுந்து ஓடிச் சக்கரத்தை மூடி, ஹீட்டரையும் ஏற்றிவிட்டாள்.

"பதறிடுச்சுடி" என்றாள். மூச்சு வாங்கியது.

நானும் கத்தினேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று தொடங்கி, சின்ன வயதில் அவள் அடைகாக்கும் கோழியைத் தூக்கித் தூக்கி முட்டையைப் பார்த்த கதை வரை போனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் சும்மா இருப்பது அபூர்வம் என்பதால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் முறை அக்கா நல்ல பிள்ளையாக இருந்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். கோடு குனிந்தது, எழவில்லை. பூச்சிகள் ஒவ்வொன்றாக இலையடியில் போய் இறக்கையை மடித்தன. மடித்தபோது அவற்றின் வண்ணமெல்லாம் உள்ளே போய், கூடம் மொத்தமும் பழுப்பு நிறமாயிற்று. நீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. யாரோ விளக்கை மெல்லக் குறைத்துக்கொண்டே போவது போலிருந்தது. ஒரு பழுப்பு இறக்கை அக்காவின் தோளில் இருந்தது, அவள் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. கோடு விழும் வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, எங்கோ போய் நிற்கப் பார்த்தது. எனக்குக் கண் செருகியது.

கண் விழித்தபோது கிராஃப்பில் ஒரு பள்ளம். ஜன்னல் திறந்ததால் வந்தது அல்ல அது. பின்கதவுப் பக்கத்து சென்சாரில் முதலில் விழுந்திருக்கிறது, அப்புறம் குளத்தோரம் இருந்ததில், அப்புறம் நடுவில். ஒரு குளிர் பின்கதவு வழியாக உள்ளே நடந்து வந்திருப்பது கிராஃப்பில் அப்படியே தெரிந்தது.

"பின்கதவைத் தொறந்தியா?"

"பூச்சிக்கு மூச்சு முட்டுச்சு."

"பூச்சிக்கா?"

நான் மறுபடி திரையைப் பார்த்தேன். கோபம் வரவில்லை, வேறு என்னவோ வந்தது. முதல் முறை அவள் ஓடியது நிலைமை கெட்டுக்கொண்டிருந்தபோது. அது பதற்றம். யாருக்கும் வரும். இந்த முறை அவள் எழுந்து போயிருப்பது எல்லாம் சரியாகி, கோடு நிலைக்கு வரப்போன நேரத்தில். சரியாகும்போது ஒருத்தி எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாள் என்றால், அவளுக்கு அது சரியாவது பிடிக்கவில்லை.

"அக்கா, இந்த மெஷின் வேலை செய்யக் கூடாதுன்னு நினைக்கிறியா?"

அவள் தோளிலிருந்த பூச்சியை விரலில் ஏற்றி இலையில் விட்டாள். அதற்கு எவ்வளவு நேரம் எடுக்க முடியுமோ அவ்வளவும் எடுத்துக்கொண்டாள்.

"வேலை செஞ்சுட்டா நான் போயாகணும்ல?" என்றாள். "போயி நின்னு, அவ வேணாம்னுட்டா?"

"அவகிட்ட கேட்டியா?"

"கேக்கணுமா? போன் பண்ணா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. சாப்பிட்டியான்னா பதில் இல்ல. டாக்டர் என்ன சொன்னாருன்னா பதில் இல்ல. சரிடி, உனக்கு வேலையிருக்கும்னு நான்தான் வெச்சுடறேன். ஒண்ணுமே இல்லடி அங்க. எதைச் சொன்னாலும் ஒண்ணும் ஆகறதில்ல."

"என் பெட்டியும் இப்படித்தான் சொல்லுச்சு. ஜன்னலைத் தொறந்தா ஒண்ணும் ஆகாதுன்னு."

வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் சொன்ன பிறகு எனக்கே உறைத்தது. பாப்பு பேசுவதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு கேள்வி கேட்டால் அது அவளுக்குள் இறங்கி, எங்கெங்கோ போய்விட்டுத்தான் பதிலாக வரும். அக்காவோ முதல் கேள்வி போய்ச் சேர்வதற்குள் நான்கு கேள்வி கேட்டு, நான்குக்கும் தானே பதில் சொல்லி, கோபித்துக்கொண்டு, சமாதானமும் ஆகிவிடுவாள். அம்மாவுக்கும் மகளுக்கும் பொருத்தம் அப்படி. அக்கா என்னை முறைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "உன் பெட்டிக்கும் என் பொண்ணுக்கும் முடிச்சுப் போடாத" என்று சொல்லிவிட்டுப் பழத் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த மேகமூட்ட நாளில் அவளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. சக்கரத்தைத் திருப்பினேன். ஒன்றும் ஆகாத நேரம் வந்தது, போனது. கோடு குனிந்தது. பூச்சிகள் மடங்கின. கூடம் தன் வண்ணங்களை உள்ளே வாங்கிக்கொண்டது. அக்கா அசையவில்லை. அவள் கட்டைவிரல் மட்டும், சக்கரத்தின் கைப்பிடி மழமழவென்று தேய்த்துவிட்ட கட்டைவிரல், மற்றொரு விரலின் மேல் உருண்டுகொண்டே இருந்தது. கோடு மெல்ல நின்றது. அவள் பேரம் பேசி ஏற்றிய எண்ணுக்கு வெகு மேலேயே நின்றது. ஈர மண்ணும் கல்லும் குளமும் தங்கள் பங்குச் சூட்டைக் கொடுத்து, கூடத்தைத் தாங்கிக்கொண்டன. மேலும் கொஞ்ச நேரத்தில் ஒரு நீலம் இறக்கையைத் திறந்தது. குளிருக்குப் பழகிவிட்டது போலும். அதைப் பார்த்து இன்னொன்று திறந்தது.

"நின்னுடுச்சு" என்றேன்.

"யாரும் புடிக்கலியே. எப்படி நின்னுச்சு?"

"அதோட குணம் அது. தானா நிக்கும்."

அக்கா மேலே கூரை ஜன்னலைப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷமா நான் இங்க என்னதான் பண்ணிட்டிருந்தேன்?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "சொன்னா அடிக்கக் கூடாது. பாதி நேரம் வேலைதான். மீதி நேரம் நீ குளிராக்கினதை நீயே சூடாக்கிட்டிருந்தே."

அவள் அடித்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. மகளின் காய்ச்சலை, மகளின் புது வீட்டை, ஒரு கல்யாண மாலையை, தானாக நிற்கும் ஒரு கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள். நான் அவள் முதுகைத் தடவினேன்.

அதன்பிறகு வேலை வழுக்கிக்கொண்டு போனது. மழைநாள், வெயில் நாள் என்று இன்னும் சில முறை இதையே செய்து பார்த்தோம். மாடல் இப்போது ஒழுங்காகப் பதில் சொன்னது. நான் அதற்குக் காட்டாத ஒரு நாளின் வெயிலையும் சக்கரச் சுற்றையும் மட்டும் கொடுத்து, 'அன்று உள்ளே என்ன நடந்திருக்கும், சொல்' என்றேன். ஏறக்குறையச் சரியாகச் சொன்னது. சக்கரத்திலும் வால்விலும் ஹீட்டர் திருகிலும் மோட்டார் மாட்டினேன். மெஷினை வேண்டுமென்றே நிதானக்காரியாக வைத்தேன். கொஞ்சம் திருப்பும், காத்திருக்கும், பார்க்கும், தேவைப்பட்டால் மறுபடி கொஞ்சம். தோட்டக்காரர் அதை ஒரு பகல் முழுக்க நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "திட்டவே மாட்டேங்குதே" என்றார். பனி கொட்டிய வாரத்திலும் கூடம் ஆடவில்லை.

ஆனால் அக்கா ஊருக்குப் போகப் பெட்டி கட்டவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றாள். கண்ணாடி துடைக்க வேண்டும் என்றாள். நான் போனை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"என்ன கேக்கறது?"

"வரட்டுமான்னு கேளு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத."

மதிய வெளிச்சம் மூடுபனிக்குள் பால் போல நின்றிருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. பாப்பு எடுத்து, "சொல்லும்மா" என்றாள்.

"பாப்பு, நான் அங்க வரட்டுமா?"

பதில் இல்லை.

வேறொரு ஊரின் அறை ஒன்றில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. சக்கரத்தின் மோட்டார் கொஞ்சம் திரும்பி நின்றது. அக்காவின் உதடு பிரிந்தது, மூடியது. எனக்குத் தெரியும், அந்த வாய்க்குள் இப்போது எத்தனை வாக்கியங்கள் முட்டிமோதுகின்றன என்று. உனக்குத் தொந்தரவுன்னா வேணாம். மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ. சரி, வேலையிருக்கும், வெச்சுடறேன். ஒன்றும் வெளியே வரவில்லை. ஊருக்கெல்லாம் பொறுமை சொல்லிக்கொடுக்கும் எனக்குத்தான் தாங்கவில்லை. 'பாப்பு, அம்மா கேக்கறது காதுல விழுதா?' என்று கேட்க நான் போனை நோக்கிக் குனிந்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள். எலும்பு வலிக்கும்படி அழுத்தினாள். அவள் கண் போனிலேயே இருந்தது.

"அம்மா" என்றாள் பாப்பு. "வெச்சுட்டியா?"

"வெக்கலடி. இருக்கேன்."

மறுபடி ஒன்றும் இல்லை. அந்த வெறுமை எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்று வந்தது குரல். சின்னக் குரல். "ரொம்ப நாளாவே பயமா இருக்கு. சொல்லலாம்னு வாயைத் தொறப்பேன். அதுக்குள்ள நீ வெச்சுடுவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. அக்கா அழவில்லை. பாப்பு வேறு ஏதாவது சொல்லப்போகிறாளா என்று காத்திருந்தாள். இல்லை என்று தெரிந்த பிறகுதான், "வரேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போனை வைக்காமல், காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.